தொண்டிக் கடல்நீரில் கதிரியக்கத்தைத் தேடுவது எப்படி?

செக்காலை வாத்தியார்:

வணக்கம். காரைக்குடியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டில் தொண்டி மீன் வாங்குவதில்லை. எங்கள் ஆயாவின் கைபேசிக்கு வந்த ஒரு படம்தான் காரணம். பசிபிக் பெருங்கடல் முழுவதும் சிவப்பும் ஊதாவுமாகத் தீப்பிடித்ததுபோல் இருக்கும் அந்தப் படத்தின் அடியில், புகுஷிமா அணு உலையின் நஞ்சு உலகக் கடல்கள் அனைத்திலும் கலந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. நான் எவ்வளவு சொல்லியும் ஆயா கேட்கவில்லை. ஆகவே இணையத்தில், கதிர் படும்போதெல்லாம் சொடுக்கும் ஒரு கைகர் கருவியை வாங்கி, தொண்டிக்குப் போய் ஒரு வாளி கடல்நீர் கொண்டுவந்து, வளவில் வைத்து அளந்தேன். நிமிடத்துக்கு இருபது சொடுக்குகள் வந்தன. எங்கள் கிணற்று நீருக்கும் அதே இருபதுதான். வாளியே இல்லாதபோதும் ஏறக்குறைய அதே இருபதுதான்.

இதை வைத்துக் கடலில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா? ஏதேனும் இருந்தால், அது ஜப்பானிலிருந்து வந்ததா, கூடங்குளத்திலிருந்தா, கல்பாக்கத்திலிருந்தா, அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமா என்பதைத் தண்ணீரை வைத்தே எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

கோட்டையூரான்:

முதலில் படத்தைப் பற்றி. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், 2011 மார்ச் 11 அன்று எழுந்து புகுஷிமா உலையைச் சிதைத்த சுனாமியின் அலை உயரத்தைக் காட்ட அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் வெளியிட்ட வரைபடமாகத்தான் அது இருக்க வேண்டும். நிறங்கள் குறிப்பது அலையின் உயரத்தை. கதிரியக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைக் கதிரியக்க வரைபடம் என்று சொல்லிப் பல ஆண்டுகளாகச் சுற்றவிடுகிறார்கள். ஆயாவிடம் படத்தின் ஓரத்தில் அளவுகோல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்டிமீட்டர் என்று இருந்தால் பேச்சு முடிந்தது.

உங்கள் அளவீட்டைப் பொறுத்தவரை, அந்த இருபது சொடுக்குகள் வாளியிலிருந்து வந்தவை அல்ல. அவை தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வருபவை. கடலில் கலந்திருக்கும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கைகர் கருவியால் பார்ப்பது, திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வது போன்றது. கருவி ஏறவில்லை என்பதால் கடல் தூய்மை என்றும் சொல்ல முடியாது, மாசு என்றும் சொல்ல முடியாது.

தேவகோட்டை ரஸ்தா:

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது சில ஆண்டுகள் இதே வேலையைச் செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புகுஷிமாவுக்கு முன்பே பசிபிக் மேற்பரப்பு நீரில், ஒரு கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, ஒன்றிரண்டு பெக்கரல் அளவில், அணுப்பிளவில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 இருந்தது. 1950களிலும் 60களிலும் வளிமண்டலத்தில் வெடித்த குண்டுகளின் மிச்சம் அது. ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு அணுக்கரு சிதைகிறது என்று பொருள். இருபது லிட்டர் கேனில், கன மீட்டருக்கு இரண்டு பெக்கரல் உள்ள அத்தகைய நீரை நிரப்பினால், அதிலுள்ள சீசியத்தில் ஏறக்குறைய 25 நொடிக்கு ஒரு சிதைவுதான் நிகழும். அதே கேனில், கடல்நீரில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40 நொடிக்கு 240 முறை சிதைந்துகொண்டிருக்கும். ஆறாயிரத்தில் ஒன்றைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் வேலை, அந்த ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது. நீரில் அமிலம் சேர்த்து, கதிரியக்கமற்ற சீசியத்தைத் தெரிந்த அளவில் கலந்து (முடிவில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று கணக்குப் பார்க்க), அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்னும் பொடியைப் போட்டுக் கலக்குவோம். மஞ்சள்தூள் கரைத்த நீர் போலவே இருக்கும். அந்தப் பொடி சீசியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தால் பொடி அடியில் படியும். மேலே உள்ள தெளிந்த நீரை வடித்துவிட்டு, வண்டலை வடிகட்டி உலர்த்தினால், அத்தனை பெரிய கேனும் ஒரு சிறு டப்பாவுக்குள் அடங்கிவிடும். அந்த டப்பாவை, திரவ நைட்ரஜனால் குளிரூட்டி ஈயச் சுவருக்குள் வைத்திருக்கும் ஜெர்மானியம் உணர்கருவியின் மேல் வைத்து, இரண்டு மூன்று நாட்கள் எண்ண விட வேண்டும். சீசியம்-137 விடும் காமா கதிர் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தனி முகடாக எழும். சீசியம்-134 விடும் கதிர்கள் 605இலும் 796இலும் எழும். கைகர் கருவி எல்லாவற்றையும் ஒரே சொடுக்காகக் கேட்கிறது. இந்தக் கருவியோ ஒவ்வொன்றின் குரலையும் தனித்தனியே கேட்கிறது.

இனி, யாருடையது என்ற கேள்வி. சீசியம்-134 குண்டு வெடிப்பில் குறிப்பிடத்தக்க அளவில் உண்டாவதில்லை. உலைக்குள் நெடுநாள் இருக்கும் சாதாரண சீசியம்-133 ஒரு நியூட்ரானை விழுங்கித்தான் அது பிறக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல். சீசியம்-137க்கோ முப்பது ஆண்டுகள். 1986இல் செர்னோபில் உமிழ்ந்ததில் 134க்கும் 137க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு. புகுஷிமாவில் ஒன்றுக்கு ஒன்று. 2011க்குள் செர்னோபிலின் 134 முற்றாகக் கரைந்துவிட்டது என்பதால், அதன்பின் பசிபிக்கில் அது தென்பட்டால் புகுஷிமாவின் முத்திரை என்று கொள்ளலாம்.

ஒரு கணக்கு. 2015 பிப்ரவரியில் கனடாவின் யுக்லூலெட் என்ற கரையோர ஊரில் எடுத்த நீரில், கன மீட்டருக்கு 1.4 பெக்கரல் சீசியம்-134ம் 5.8 பெக்கரல் சீசியம்-137ம் இருந்தன. வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் பொதுமக்களைக் கொண்டு நீர் திரட்டிய திட்டத்தில் கிடைத்த எண்கள் இவை. 134ஐ நான்கு ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிட்டால் 5.3 வருகிறது. அப்படியென்றால் புகுஷிமாவிலிருந்து வந்த 137ம் தொடக்கத்தில் 5.3, நான்கு ஆண்டுச் சிதைவுக்குப் பின் 4.8. மீதியுள்ள ஒன்று பழைய குண்டுகளுடையது. ஒரே கேன் நீரிலிருந்து இரண்டு காலத்துக் கதைகளைப் பிரித்துவிட்டார்கள். அளவு என்று பார்த்தால், அதே நீரின் ஒவ்வொரு கன மீட்டரிலும் இயற்கைப் பொட்டாசியம் மட்டுமே சுமார் 12,000 பெக்கரல் இருக்கிறது.

உங்கள் தொண்டிக் கடலைப் பொறுத்தவரை, புகுஷிமா நீரை ஜப்பான் கரையோரம் ஓடும் குரோஷியோ நீரோட்டம் கிழக்கே அமெரிக்கா பக்கம்தான் கொண்டுபோனது. இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளிகள் வழியே பசிபிக் நீர் இந்தியப் பெருங்கடலுக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு சுற்றி வருவதற்குள் கரைந்து மெலிந்துவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:

வாத்தியார் தம்பி, கைகர் கருவி வீண் என்று வருந்த வேண்டாம். பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் பிரிக்காமல் கிடந்தால், அதன் அருகே வைத்துப் பாருங்கள். பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு. கல்யாண வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்த பொருள் கருவியைப் படபடக்க வைப்பதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிரியக்கத்துக்கும் அதே தோரியம்தான் காரணம். அங்கே எடுத்த காணொளியைப் போட்டுக் கூடங்குளம் கசிகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: அளவு குறைவு என்று நிபுணர்கள் சொன்னால் மட்டும் போதாது, எண்களை எங்களைப் போன்றவர்களுக்கும் புரியும் தமிழில் ஊர் ஊராக எழுதி வைக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் ஆயாவின் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

செக்காலை வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. மேண்டில் கிடைத்தது, கருவி உண்மையிலேயே படபடத்தது. ஒரு கேள்வி மீதமிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 24 முதல் ஜப்பான் கடலில் விடும் நீரில் இருப்பது ட்ரிட்டியம் என்கிறார்களே, அதைச் சீசியம் போல வடித்தெடுக்க முடியாதா?

தேவகோட்டை ரஸ்தா:

முடியாது. ட்ரிட்டியம் நீரில் கரைந்திருக்கும் பொருள் அல்ல. நீரின் மூலக்கூற்றிலேயே இடம்பிடித்திருக்கும் கதிரியக்க ஹைட்ரஜன். அதனால்தான் மற்றவற்றை வடிகட்டிய பிறகும் அது தங்கிவிட்டது. லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் கீழாக நீர்க்கச் செய்து கடலில் விடுகிறார்கள். அதன் பீட்டா கதிர் மிக வலுவற்றது. உங்கள் கருவியின் குழாய்ச் சுவரைக்கூட அது தாண்டாது. அப்படி விடும் நீரையே வாளி நிறைய வைத்தாலும் கருவி அதே இருபதைத்தான் காட்டும். அளப்பதற்கு, நீரைக் காய்ச்சி வடித்து, கதிர் பட்டால் ஒளிரும் திரவத்தில் கலந்து எண்ணுவார்கள். கடலின் சாதாரண அளவுக்கு அதுவும் போதாது என்பதால் முதலில் மின்னாற்பகுப்பால் செறிவூட்டுவார்கள். லேசான ஹைட்ரஜன் முதலில் வாயுவாக வெளியேற, ட்ரிட்டியம் பின்தங்கும். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்பாக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே ட்ரிட்டியம் அதிகம் உண்டாகும் கனநீர் உலைகள் இருப்பதால், அந்தக் கரையில் முதலில் தேட வேண்டியதும் ட்ரிட்டியம்தான்.

மாணவர்களுடன் தொண்டியில் நீர் எடுக்கப் போவதாக இருந்தால், கேனை அதே கடல்நீரால் மும்முறை அலசுங்கள். எடுத்த இடம், நாள், நேரம் மூன்றையும் அழியாத மையால் கேனின் மேலேயே எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடிகள் மாறிப்போகும். நாள் தெரியாத கேனை வைத்து எதையும் பின்னோக்கிக் கணக்கிட முடியாது. அப்படி நான் ஒருமுறை பதினொரு கேன்களைக் கொட்டியிருக்கிறேன்.