சிட்டி பில்டிங் கேம்களில் ஏறும் விலை, நீளும் காத்திருப்பு: உங்களுக்கு எங்கே இறுகியது?

திண்டுக்கல் பூட்டு

சிம்சிட்டி பில்ட்இட் ஆடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2014 டிசம்பரில் வந்த போன் கேம். ஆரம்பத்தில் கைக்கு ஓய்வே இருக்காது. தொழிற்சாலையில் இரும்பு போட்டால் 1 நிமிடம், மரம் 3, பிளாஸ்டிக் 9. அப்புறம் விதை 20, கனிமம் 30. திடீரென்று ரசாயனம் 2 மணி நேரம் என்று வந்து நிற்கும். துணி 3, சர்க்கரையும் மசாலாவும் 4, கண்ணாடி 5, கால்நடைத் தீவனம் 6, மின் பாகங்கள் 7 மணி நேரம்.

எல்லோரும் இந்த நேரத்தைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. 7 மணி நேரச் சரக்கைப் படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் காலையில் தயார். பகலில் வேலைக்கு நடுவே சின்னச் சரக்கு. கொஞ்ச நாளில் பழகிவிடும். கழுத்தைப் பிடிப்பது கிடங்குதான்.

காலையில் எழுந்து, தயாரான சரக்கை எடுக்கப் போனால் கிடங்கில் இடமில்லை என்று சொல்லும். கிடங்கைப் பெரிதாக்கக் கேமரா, பூட்டு, கம்பி என்று மூன்று பொருட்கள் வேண்டும். இவற்றை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது. கட்டிடங்களுக்கு மேல் வரும் குமிழைத் தட்டினால் எப்போதாவது ஒன்று கிடைக்கும். இல்லாவிட்டால் உலகச் சந்தையில் யாராவது விற்கும்போது முந்திக்கொண்டு பிடிக்க வேண்டும். அதுவும் இல்லையா, சிம்கேஷ், அதாவது நிஜக் காசு கொடுத்தும் வாங்கக்கூடிய கேம் பணம். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் போன தடவையை விடக் கூடுதலாகக் கேட்கும்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? சேர்த்து வைக்கிற கேமராவும் பூட்டும் கம்பியும் அதே கிடங்கில்தான் இடம் பிடிக்கும். நிலத்தை விரிக்கத் தேவைப்படும் புல்டோசர் பாகங்களும் அங்கேயேதான். கிடங்கைப் பெரிதாக்கச் சேர்க்கிற சாமானே கிடங்கை அடைத்துக்கொள்கிறது. இதை யோசித்து வடிவமைத்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், என்ன கும்பிடு என்பது வேறு விஷயம்.

காத்திருப்பு வலிப்பதே இதனால்தான் என்பது என் எண்ணம். இடம் தாராளமாக இருந்தால் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடலாம், எந்த டைமரும் நம்மை ஒன்றும் செய்யாது. சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். உங்களை நிறுத்தியது நேரமா, இடமா, காசா?

வைகை அக்கா

தம்பி, நீங்கள் எல்லாம் போனில் வந்தவர்கள். நான் பேஸ்புக் காலத்து ஆள். 2009-இல் ஃபார்ம்வில், 2010 டிசம்பரில் சிட்டிவில், இரண்டுமே ஜிங்கா கம்பெனியுடையது. சிட்டிவில்லில் எதைத் தொட்டாலும் எனர்ஜி குறையும். வீட்டு வாடகை வசூலித்தால் ஒன்று, கடையில் வசூலித்தால் ஒன்று. தீர்ந்துவிட்டால் அது மெல்ல மெல்ல ஊறும்வரை உட்கார வேண்டியதுதான். அரசுக் கட்டிடம் ஏதாவது கட்டினால் அதில் வேலைக்கு ஆள் வைக்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் நண்பர் ஒருவர் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து நிரப்பலாம்.

எங்கள் வீட்டில் அன்றைக்குக் கேமுக்குக் காசு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அத்தை மகன், ஒன்றுவிட்ட சித்தப்பா, காலேஜில் கூடப் படித்துவிட்டு அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாதவள் என்று எல்லோருக்கும் ரிக்வெஸ்ட் பறக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா, "ஏம்மா, உன் ஆஸ்பத்திரியில் என்னை வேலைக்கு வைத்திருக்கிறாயே, சம்பளம் எப்போது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். லெவல் ஏற ஏறக் கேட்கிற ஆட்களின் எண்ணிக்கையும் ஏறும். சொந்தக்காரர்கள் ஏறுவார்களா? கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் என் ரிக்வெஸ்ட்டைப் பிளாக் செய்துவிட்டார்கள்.

2015 ஏப்ரலில் சிட்டிவில்லை மூடினார்கள். பழைய ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31 வரை ஓடியது. இப்போது காசு கேட்கிறார்கள் என்று சொல்கிறீர்கள். அப்போது மானத்தைக் கேட்டார்கள்.

எக்செல் ஏகாம்பரம்

அக்கா, அந்தச் சித்தப்பா கேட்டது நியாயம்!

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குக்கீ கிளிக்கர் என்று 2013-இல் ஒரு பிரவுசர் கேம் வந்தது. நகரம் கட்டும் கேம் இல்லை, ஆனால் இந்த வகைக் கணக்கு அதில் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் கூடும். கர்சர் என்ற பொருளின் முதல் விலை 15 குக்கீ, அதுதான் அங்கே காசு. 10 வாங்கிய பிறகு அது சுமார் 60. 20 வாங்கிய பிறகு சுமார் 245. 50 வாங்கிய பிறகு 16,000-ஐத் தாண்டிவிடும். ஆனால் 51-வது கர்சர் அடிப்படையில் தருவது முதல் கர்சர் தந்த அதே வருமானம்தான். வருமானம் கூட்டலில் வளர்கிறது, விலை பெருக்கலில் வளர்கிறது. முதல் வாரத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், அதனால் நமக்கு உறைக்காது. போன் கேம்களில் எண்கள் வேறாக இருக்கும், இடையிடையே போனஸ் கொடுத்துச் சமாளிப்பார்கள், ஆனால் அடியில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கோடுதான்.

இன்னொன்று, நேரத்தை விற்கிற விலை. ஊர் கட்டிப் படை திரட்டும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஜெம் என்று ஒரு பணம், நிஜக் காசுக்கும் விற்பார்கள். காத்திருப்பை முடிக்க 1 நிமிடத்துக்கு 1 ஜெம், 1 மணி நேரத்துக்கு 20, 1 நாளுக்கு 260, 1 வாரத்துக்கு 1000 என்று கணக்கு. மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 20-இல் ஆரம்பித்து, நாள் கணக்கில் சுமார் 11 ஆகி, வாரக் கணக்கில் சுமார் 6-க்கு இறங்குகிறது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி! ஒரு வாரம் 1000 ஜெம்தானே, லாபம்தானே என்று தோன்றும். அந்த ஒரு வாரத்தை அங்கே வைத்தது யார் என்ற கேள்வி அப்போது வராது.

கட்டிடம் கட்டுகிற ஆட்களுக்கோ விலை இரட்டிப்பாக ஏறும், மூன்றாவது ஆள் 500 ஜெம், நான்காவது 1000, ஐந்தாவது 2000. ஆனால் காசு போடாமல் ஆடுகிறவர்கள், மரம் புதர் வெட்டிக் கிடைக்கும் ஜெம்மை எல்லாம் சேர்த்து இந்த ஆட்களுக்கே கொடுப்பது நல்லது. அவசரத்துக்குச் செலவழித்த ஜெம் அன்றோடு போச்சு. ஆள் கடைசிவரை இருப்பான்.

சுருக்கமாக, இலவச கேம் என்பது வாடகை வேண்டாம் என்று சொல்லும் கல்யாண மண்டபம் மாதிரி. சமையல் மட்டும் அவர்கள் ஆள்தான் செய்வார், இலைக்கு என்ன விலை என்று பந்தி பரிமாறிய பிறகுதான் தெரியும்.

நைட் ஷிப்ட்

நான் மாற்றுக் கருத்து. காத்திருப்பு எனக்குப் பிடிக்கும்.

ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி வேலை. சாம்பிள் மெஷினில் ஓடும்போது ஐந்து நிமிடம் கிடைக்கும். கேமைத் திறந்து, சரக்கு எடுத்து, அடுத்ததைப் போட்டு மூடிவிடுவேன். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று அதுவே என்னை வெளியே அனுப்பிவிடும். டைமர் இல்லாத கம்ப்யூட்டர் கேம் ஒன்றை வீட்டில் ஆரம்பித்தால் எப்போது விடிந்தது என்று தெரியாது. எனக்கு எதிரி அதுதான்.

அப்புறம், எல்லாமே ஏறிக்கொண்டே போகவில்லை. மேலே சொன்ன கிளாஷ் ஆஃப் கிளான்ஸிலேயே 2022-இல் படை தயாரிக்கும் செலவை எடுத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் படை தயாராகும் நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். 2012-இல் வந்த கேம் இத்தனை வருடம் கழித்து இப்படிச் செய்கிறது என்றால், ஆட்கள் கழன்று போகிறார்கள் என்ற பயம் அவர்களுக்கும் இருக்கும் போல. கட்டிடம் கட்டும் நேரம் மட்டும் இன்னும் இருக்கிறது, அதைத் தொட மாட்டார்கள்.

பொடியன் அம்மா

உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் மூட முடிகிறது சார். என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் மூடினாலும் கேம் விடாது.

பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு நகரக் கேம். ஆஸ்பத்திரியைப் பெரிதாக்க அவன் பொறுமையாகக் காயின் சேர்த்தான். தொட்டுவிடும் தூரத்தில் இருந்தபோது ஒரு அப்டேட் வந்தது, மறுநாள் பார்த்தால் விலை மாறியிருந்தது. சேர்த்தது பாதிகூட இல்லை என்று ஆகிவிட்டது. குழந்தை அழவில்லை. "அம்மா, அவங்க எப்படி மாத்தலாம்?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதினேன், விளையாட்டின் சமநிலைக்காக மாற்றினோம் என்று அச்சடித்த பதில் வந்தது.

அன்று சாயங்காலமே திரையில் ஒரு சலுகைப் பெட்டி, 'இன்னும் 2 மணி நேரம் மட்டும்' என்று கடிகாரத்தோடு. அந்த 2 மணி நேரம் முடிந்தது. அடுத்த நாள் அதே பெட்டி, அதே விலை, அதே 2 மணி நேரம். மகனைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். அவனே, "இது சும்மா சொல்றாங்க" என்றான். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நடந்த நல்ல காரியம்.

போனில் வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோர் செட்டிங்கில் வைத்திருக்கிறேன். நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிட்டேன். 'உங்கள் மக்கள் கோபமாக இருக்கிறார்கள்' என்று பள்ளிக்கூட நேரத்தில் வந்துகொண்டிருந்தது!

எக்செல் ஏகாம்பரம்

சகோதரி, அந்தக் கடிகாரத்துக்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இல்லாத அவசரத்தைக் காட்டுவது அதில் ஒன்று. திரும்பத் திரும்ப நச்சரிப்பது இன்னொன்று. இரண்டு நாள் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஆனால் விலையை ஏற்றியதற்கு இதில் இடம் கிடைப்பது கஷ்டம். காசு கொடுத்து வாங்காத காயினுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள்.

லாசப்பேல்

நான் பாரிஸில் இருக்கிறேன். இங்கே 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்து கேம் காசு பற்றிச் சில கொள்கைகளை வெளியிட்டவர்கள். ஜெம், வைரம், காயின் என்று எதைக் கேட்டாலும் அது உண்மையான காசில் எவ்வளவு என்று பக்கத்திலேயே காட்ட வேண்டும். தேவைக்கு மேல் காயின் வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது.

இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சாமான் 120 ஜெம் என்றால் பொதி 100 ஆகவும் 250 ஆகவும்தான் இருக்கும். எப்போதும் மிச்சம் கிடக்கும். அந்த மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று அடுத்த பொதி. எங்கள் வீட்டில் பிள்ளைகளோடு இதைக் கதைத்தபோது, மூத்தவள், "அப்பா, மிச்சம் வராத மாதிரி அவர்களுக்கு விற்கத் தெரியாதா?" என்று கேட்டாள். நல்லாய்த் தெரியும் மகள்.

கொள்கை வந்துவிட்டது, திரையில் யூரோ விலை எத்தனை கேமில் தெரிகிறது என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டோனட் கடன்

காசு போட்டவர்கள் தரப்பிலிருந்து ஒன்று. சிம்ப்சன்ஸ் டேப்டு அவுட் 2012-இல் வந்தது, அதில் காசு கொடுத்து வாங்கும் பணம் டோனட். 2024 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள், அத்தோடு கடையை நிறுத்தினார்கள். 2025 ஜனவரி 24-இல் சர்வர் போனது. ஊரே போனது. போனில் ஒரு வீடுகூட மிச்சமில்லை, ஏனென்றால் ஊர் நம் போனில் இருந்ததே இல்லை.

செலவழித்த காசுக்கு நான் வருத்தப்படவில்லை, சினிமா டிக்கெட்டுக்கும் போகத்தானே செய்கிறது. ஒரு கட்டிடத்துக்கு நாள் கணக்கில் காத்திருந்து, அது முடிந்ததும் பார்த்துப் பார்த்து வைத்த வரிசை இருக்கிறதே, அதற்குத்தான். கடைசி வாரத்தில் எல்லாத் தெருவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். உங்கள் நகரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மாதம் ஒரு தடவை எடுத்து வையுங்கள்.

திண்டுக்கல் பூட்டு

எல்லோருக்கும் நன்றி. நைட் ஷிப்ட் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வர முடிவது கிடங்கில் இடம் இருப்பதால்தான் என்பேன்.

பில்ட்இட் ஆடுகிறவர்களுக்கு என் வழி இதுதான்: வீடுகளை அவசரப்பட்டு உயர்த்தாதீர்கள். லெவல் ஏறினால் நகரத்து மக்கள் தீயணைப்பு, போலீஸ், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவார்கள், எல்லாவற்றுக்கும் சிமோலியன், அதாவது கேமின் சாதாரணக் காசு வேண்டும். கிடங்கு விரியும் வேகத்துக்கு மேல் நகரம் வளரக் கூடாது. மெதுவாகப் போகிறவனுக்கு இந்த கேமில் தண்டனை எதுவும் இல்லை. அவசரப்படுகிறவனிடம்தான் வசூல்.

சிக்கனச் சிற்பி

டைமரே வேண்டாம் என்பவர்களுக்கு. 1989-இல் வந்த மூல சிம்சிட்டியில் காலத்தின் வேகத்தை ஆடுகிறவரே வைத்துக்கொள்ளலாம், வேகமாக ஓட விடலாம், நிறுத்தியும் வைக்கலாம். அந்தச் சுகம் போனில் வேண்டுமென்றால் 2018-இல் வந்த பாக்கெட் சிட்டியைப் பாருங்கள். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டால் டைமர் இல்லை, ஜெம் இல்லை. நெட் இல்லாமலும் ஓடும். பஸ்ஸில் மலை ஏறும்போது ஆடியிருக்கிறேன்.

பொடியன் அம்மா

இதை வாங்குவதா, இல்லை மாதம் ரூ.99 என்று கூகுளின் பிளே பாஸ் வந்ததே, அப்படி ஒன்றைச் சேர்ந்துவிடுவதா?

சிக்கனச் சிற்பி

பையன் பல கேம் மாற்றி மாற்றி ஆடுவான் என்றால் பிளே பாஸ் சரி, அதில் இருக்கும் பெரும்பாலான கேம்களுக்குள்ளே விளம்பரமும் தனி வசூலும் இருக்காது. ஆனால் மாதச் சந்தாவை நிறுத்தினால் அந்த கேம்களும் நின்றுவிடும். ஒரே நகரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை என்றால் அந்த ஒரு கேமை மட்டும் வாங்கிக் கொடுங்கள்.