துஷ்டி (சாவு) வீட்டில் குருவானவர் என்ன பேசுவது?

தேரிக்காட்டு டீக்கன் கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். சாத்தான்குளம் பக்கம் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) உதவி குருவாக இருக்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். இறையியல் கல்லூரி முடித்து வந்த புதுசு, வளர்ந்தது மதுரையில். இங்கே தேரிச் செம்மணலும் பனையும் பேச்சும் எல்லாமே எனக்குப் புதிது. குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் சபையில் 22 வயதுப் பையன் ஒருவன் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துவிட்டான். ஒரே பையன். அப்பா வாழைத் தோட்டத்தில் கூலி வேலை, அம்மா ஓலைப்பெட்டி முடைகிறவர். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வீடு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சேகர குரு வெளியூரில் இருந்ததால் அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். கையில் புத்தகம் இருந்தது, அதனால் அது ஒருவழியாக நடந்துவிட்டது.

பிரச்சினை அதற்கு முன்னால். நான் வீட்டுக்குள் போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயரே, எம்புள்ளைய ஏன் எடுத்தாரு? நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்னு சொல்லுங்க" என்று என் காதோரம் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கையை விடாமல் பேசாமல் நின்றேன், அவ்வளவுதான். இப்போது ஊரில், "சின்ன ஐயருக்கு துஷ்டி வீட்ல நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத் தெரியலை" என்று பேச்சு.

அடுத்த வாரம் அந்த வீட்டில் ஆறுதல் ஜெபக் கூட்டம், செய்தி நான்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், என்ன பேசட்டும்?

ஓய்வு ஐயர்:

தம்பி, ஊர்ப் பேச்சை விடுங்கள். ஐயர் நீளமாக ஜெபித்தாலும் பேசுவார்கள், சுருக்கமாக முடித்தாலும் பேசுவார்கள்.

அந்தப் பெரியவர் எடுத்துக் கொடுத்தது யோபு 1:21. அதைச் சொன்னது யார்? ஒரே நாளில் பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்த யோபு. வேறு யாரும் வந்து அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இழந்தவன் வாயிலிருந்து தானாக வந்தால் அது விசுவாசம். கேதம் கேட்க வந்தவன் சொன்னால், "சரி, அழுதது போதும்" என்றுதான் பெற்றவள் காதில் விழும்.

அந்தப் புத்தகத்தையே இன்னும் கொஞ்சம் படியுங்கள். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல ஊழியம். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யாரிடம் கோபப்படுகிறார்? தம்மோடு அத்தனை வழக்காடிய யோபுவிடம் இல்லை, தமக்காக வக்காலத்து வாங்கியவர்களிடம்.

ஆனால் ஒன்றுக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். "நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று கேட்டார் அல்லவா, அதற்கு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்கிறார் (லூக்கா 13:4). பிறவிக் குருடன் விஷயத்திலும் அப்படித்தான்: இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை. அந்த அம்மாவிடம் தனியாகப் போய், "நீங்க ஒண்ணும் செய்யலம்மா, லாரி மோதினது உங்க பாவத்தால இல்ல" என்று நேராகச் சொல்லுங்கள். இன்னொரு நாளும் சொல்லுங்கள். ஊரில் யாராவது ஒருத்தர் ஏற்கெனவே மாற்றிச் சொல்லியிருப்பார்.

கூட்டத்துக்கு யோவான் 11 எடுக்கலாம், லாசரு செத்த வீடு. மார்த்தாள், மரியாள் இரண்டு பேரும் ஆண்டவரிடம் சொல்வது ஒரே வார்த்தை: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான். மார்த்தாளுக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். அதே குறையை மரியாள் சொல்லும்போது போதனை ஒன்றும் இல்லை, கண்ணீர் விடுகிறார். ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பேச்சு தேவைப்பட்டது, இன்னொருத்திக்கு அழ ஆள் தேவைப்பட்டது. உங்கள் கையைப் பிடித்த அம்மா இதில் யார் என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார், அதையும் மறக்க வேண்டாம்.

பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். இளைஞர்களுக்கு எச்சரிப்பு, ஹெல்மெட் உபதேசம், "இன்றைக்கு நீ மரித்தால் எங்கே போவாய்" இதெல்லாம் அந்த வீட்டில் கூடவே கூடாது. செத்தவன் படத்தைக் காட்டி இருக்கிறவனைப் பயமுறுத்துவதை நான் ஊழியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் காகிதம். எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வாங்கிவிட்டார்களா? விபத்து இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற மனுஷன் அதை எங்கே கண்டார்? நல்ல வக்கீலாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்த புரோக்கர் பாதியைக் கொண்டுபோய்விடுவான்.

ஐயரம்மா:

ஐயா சொன்னதோடு என் பங்குக்கும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் குருவானவர், நானும் அவரோடு ஊர் ஊராக மாறினவள்.

தம்பி, உள்ளே போனால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடாதீர்கள், ஊர்க்காரர்கள் உங்களுக்கென்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பெண்கள் பாயில் கிடக்கும்போது ஐயர் மட்டும் உயரத்தில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது. அப்புறம் அந்தப் பையன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எல்லாரும் பயந்துகொண்டு பெயரை எடுக்க மாட்டார்கள். பெற்றவளுக்கு அதுதான் பெரிய குறை. அவன் கொயரில் பாடினானா, கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டினானா, அதைக் கேளுங்கள்.

சொந்தக்காரர் சோறு கொண்டு வருவதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அதற்கப்புறம் அடுப்பு பற்றவைக்கவே அவர்களுக்குத் தோன்றாது. பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் முறை போட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கசப்பான விஷயம். நாங்கள் இருந்த ஒரு சபையில் சபை வரி பாக்கி கட்டினால்தான் குழி வெட்டுவோம் என்று கமிட்டிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். வீட்டுக்குள் பிணம், வாசலில் ரசீதுப் புத்தகம். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். பின்னாலேயே பையன்கள் ஓடி வந்து அவர் கையிலிருந்து வாங்கி வெட்டினார்கள். பாக்கியைப் பிறகு யாரும் கேட்கவில்லை. உங்கள் சபையிலும் அப்படி வழக்கம் இருந்தால் இப்போதே பொருளாளரிடம் பேசி வையுங்கள், சாவு விழுந்த அன்றைக்குப் பேச முடியாது.

ஜெபவீரன்:

மன்னிக்கணும். நான் பெந்தெகொஸ்தே சபை. எல்லாரும் "பேசாதே, உட்கார்" என்கிறீர்கள். வசனத்தைப் பேசாவிட்டால் ஊழியக்காரன் எதற்கு? நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல நாம் துக்கிக்கக் கூடாது என்று 1 தெசலோனிக்கேயர் 4-ல் பவுல் தெளிவாக எழுதியிருக்கிறாரே.

ஓய்வு ஐயர்:

சகோதரரே, நல்ல வசனம், அடக்க ஆராதனையில் நாங்களும் வாசிக்கிறோம். "மற்றவர்களைப்போல" என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். துக்கிக்கவே கூடாது என்று பவுல் எழுதவில்லை. சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள், ஆரம்பத்திலிருந்து கடைசி வரி வரை இருட்டுதான், முடிவில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். வசனம் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வசனம், எந்த நாளில் என்பதுதான் கேள்வி.

தூத்தூர்க்காரன்:

நான் கத்தோலிக்கன், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை என்று எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் நிறைய பேர் திரும்பவில்லை. உங்களுக்குப் பெட்டியாவது வந்தது. எங்களுக்கு அடக்கம் செய்ய உடலே கிடையாது. செத்துவிட்டான் என்று சொன்னால் மனைவி அடிக்க வருவாள், வருவான் என்று சொன்னால் பொய்.

அந்தச் சமயத்தில் சாமியார்மார் (எங்கள் குருக்கள்) செய்தது பிரசங்கம் அல்ல. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுத்தார்கள், ரோட்டில் எங்களோடு உட்கார்ந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அதைத் தளர்த்திக் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தார்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். ஓய்வு ஐயர் காகிதத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி.

தேரிக்காட்டு டீக்கன்:

எல்லாருக்கும் நன்றி. ஐயரம்மா, அவன் கொயரில் பாடவில்லை, ஆராதனைக்கு முன்னால் கீபோர்டு வயரெல்லாம் இழுத்து மைக் செட் போடுகிறவன். அதை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

நேற்று அவன் அப்பாவிடம் பேசினேன். எஃப்.ஐ.ஆர். நகல் இன்னும் கையில் இல்லை. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக அவருக்குப் பயம். நான் கூடப் போகலாமா, அல்லது ஊரில் அதையும் குறை சொல்வார்களா?

ஓய்வு ஐயர்:

தாராளமாகப் போங்கள். ஆன்லைனில் எடுக்க முடிந்தால் அதையும் முயன்று பாருங்கள். நேரில் போனால் கழுத்தில் காலர் போட்டுக்கொண்டே போங்கள். அவருக்கும் உட்கார ஒரு பெஞ்சு கிடைக்கும்.