புதுப்பிப்பு: அட்டை அழிந்த பிறகு அதன் திறன் செல்லுமா?

போன வாரம் கேட்டிருந்தேன்: மேஜிக் தி கேதரிங் சீட்டாட்டத்தில் புராடிகல் சோர்சரர் என்ற உயிரின அட்டையைச் சாய்த்து (பக்கவாட்டில் திருப்பி), எதிராளிக்கு 1 சேதம் தரும் திறனைத் தொடங்கினேன். எதிரே ஆடிய நண்பர் பதிலுக்கு லைட்னிங் போல்ட் என்ற தாக்கு மந்திர அட்டையைப் போட்டு அதை அழித்தார். "ஆளே போய்விட்டது, அப்புறம் சேதம் எங்கிருந்து வரும்?" என்றார். அட்டைகளை மேசையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம்.

இப்போது விடை கிடைத்துவிட்டது. சேதம் உண்டு. விதிநூலின் 113.7 பிரிவுப்படி, ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருப்பவற்றின் அடுக்கில்) ஏறிய திறன் தனியாக நிற்கும். மூல அட்டை அழிந்தாலும் வில்லை விட்ட அம்புதான். சாய்ப்பது அந்தத் திறனுக்கான விலை. அதை முதலிலேயே கொடுத்தாகிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், எனக்கே இது புதிது. "தன் வலிமைக்குச் சமமான சேதம்" என்று எழுதியிருந்தால், அட்டை களத்தில் கடைசியாக இருந்த நிலைதான் கணக்கு. வலிமை 3 உள்ளதைப் போல்ட்டால் அழித்தால் 3 சேதம் வரும். அதையே −5/−5 கொடுத்து, அதாவது வலிமையிலும் தாங்குதிறனிலும் 5 குறைத்து, சாகடித்தால் கடைசி வலிமை −2, சேதமே வராது. எப்படி அழிக்கிறோம் என்பதே முடிவை மாற்றுகிறது!

விதியைக் காட்டியதும் நண்பர் சரி என்றார். ஞாயிறன்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம், அவருக்கு 1 உயிர் குறைத்து.