குவேக் 3 அரீனா: சிங்கப்பூர் சேர்வரில ரெயில்கன் ஏன் படுகுதில்லை?

வெள்ளவத்தை_பிளாட்:
குவேக் 3 அரீனா எண்ட சுடுற கேமை வெள்ளவத்தையில இருந்து சிங்கப்பூர் சேர்வரில விளையாடுறன். பிங் (சேர்வருக்குப் போய் வர எடுக்கிற நேரம்) 70 மில்லிசெக்கன், இடைக்கிடை 140க்குப் பாயுது. பொட்டுகளோட (கேமே ஓட்டுற ஆக்களோட) விளையாடேக்க ரெயில்கன் (நேர் கோடாப் பாயுற துவக்கு) நல்லாப் படுது. ஒன்லைனில குறுக்கால ஓடுற ஆளின்ட நெஞ்சில வைச்சு அடிச்சாலும் கோடு ஆளை ஊடறுத்துப் போகுது, டமேஜ் இல்லை. மவுஸ் பிழையா, லைன் பிழையா? ஃபைபர் லைன், ரவுட்டர் ஹோலில, கொம்பியூட்டர் அறையில, வைஃபை.

ரெயில்_1.5:
மவுஸில பிழை இல்லை. 1999 இல வந்த மூலக் கேமில லாக்கை (லைனில வாற தாமதத்தை) ஈடுகட்டுற வேலை கிடையாது. நீங்கள் திரையில காணுறது ஆள் முந்தி நிண்ட இடம். ஓட்ட வேகம் செக்கனுக்கு 320 யூனிட் (கேமுக்குள்ள தூரத்தை அளக்கிற அளவு). 70 மில்லிசெக்கனில ஆள் 22 யூனிட் தள்ளிப் போயிடுவார். அடிபடுற பெட்டியின்ட அகலமே 30, நடுவில இருந்து விளிம்புக்கு 15 தான். இதோட, வழமையான சேர்வர் செக்கனுக்கு 20 தரம்தான் நிலவரம் அனுப்பும், அதில இன்னும் 50 மில்லிசெக்கன் வரைக்கும் பிந்தும். கூட்டிப் பாத்தா 38 யூனிட் வரைக்கும் விலகும். அதனால ஓடுற பக்கமாக, கிட்டத்தட்ட ஒரு ஆள் அகலத்துக்கு முன்னால அடியுங்கோ. நேர உங்களை நோக்கி வாறவருக்கு இது தேவையில்லை.

நிலத்தில நிக்கிறவர் கண நேரத்தில திரும்பிடுவார், குதிச்சவரால அவ்வளவு திரும்பேலாது. கால் நிலத்தை விட்ட பிறகு அடிக்கிறதுதான் நல்லம்; தவறினா அடுத்த அடிக்கு 1.5 செக்கன் காக்க வேணும்.

ஒண்டு கவனம்: அன்லாக்ட் (லாக்கை ஈடுகட்டுற மொட்) போட்ட சேர்வரில முன்னால அடிச்சா வீண். அங்க நெஞ்சிலயே வையுங்கோ.

கொன்சோலில (கேமுக்குள்ள கட்டளை அடிக்கிற இடம்) ரேட் (சேர்வர் உங்களுக்கு அனுப்பக்கூடிய டேட்டா அளவு) 25000, மேக்ஸ்பக்கெட்ஸ் (நீங்கள் செக்கனுக்கு அனுப்புற பக்கெட்) 30 இல இருந்தா 100 ஆக்குங்கோ, மேக்ஸ்எஃப்பிஎஸ் (செக்கனுக்கு வரையுற படம்) 125. ஸ்னாப்ஸை (செக்கனுக்கு நீங்கள் கேக்கிற நிலவர எண்ணிக்கை) 40 ஆக்கியும், சேர்வர் 20 இல ஓடினா ஒரு பிரயோசனமும் இல்லை.

கேபிள்_கட்சி:
அந்த 140தான் பெரிய பிரச்சினை. 70க்கு முன்னால அடிச்சுப் பழகலாம், ஆடுற பிங்குக்குப் பழகேலாது.

முதல்ல ரவுட்டரின்ட முகவரிக்கு பிங்கை நிப்பாட்டாமல் ஓட விடுங்கோ. 1, 2 மில்லிசெக்கனில நிக்க வேணும். அங்கயே 60, 70 எண்டு பாய்ஞ்சா பிழை வீட்டுக்குள்ள. வெள்ளவத்தை பிளாட்டுகளில ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பத்து ரவுட்டர் இருக்கும், எல்லாம் 2.4 கிகாஹேட்ஸில ஒண்டோட ஒண்டு மோதும். லான் வயர் இழுங்கோ, கதவு நிலையோரமாக் கொண்டு போகலாம். இழுக்கேலாட்டி வைஃபையை 5 கிகாஹேட்ஸுக்கு மாத்துங்கோ.

ரவுட்டர் பிங் ஒழுங்கா இருந்தும் பாய்ஞ்சா, வீட்டில ஆரின்டயோ போன் படங்களை மேல ஏத்துதோ எண்டு பாருங்கோ. அப்லோட் நிரம்பினா கேம் பக்கெட்டுகள் வரிசையில நிக்கும்.

பிறகு லாகோமீட்டரை (லைன் நிலையைத் திரையில காட்டுற கேமின்ட வரைபடம்) போட்டுப் பாருங்கோ. கீழ் வரைபடத்தில சிவப்புக் கோடு வந்தா பக்கெட் தொலையுது, மஞ்சள் வந்தா ரேட் காணாது.

வெள்ளவத்தை_பிளாட்:
ரவுட்டர் பிங்கே 3க்கும் 80க்கும் நடுவில ஆடுது. வயர் போடுறன். டைம்நட்ஜை (ஆக்களைக் காட்டுற நேரத்தை முன்பின் தள்ளுற செட்டிங்) -30 ஆக்கினா அந்த 50 மில்லிசெக்கன் பிந்தல் குறையுமா?

ரெயில்_1.5:
கொஞ்சம் குறையும். ஆனா ஆள் நிக்கிற இடத்தைக் கேம் ஊகிச்சு வரையும். ஆள் திரும்பினவுடன துள்ளித் தெரியும். வயர் போட்டு லாகோமீட்டர் மேல் வரைபடம் நீலமா (நிலவரம் நேரத்துக்கு வருது எண்டு அர்த்தம்) நிண்ட பிறகு -10 இல தொடங்குங்கோ. வைஃபையில தொடவே வேண்டாம்.

அது வரைக்கும் றொக்கெட்டைப் பாவியுங்கோ. வெடிப்பு சுற்றிவர 120 யூனிட் தூரத்துக்குப் பரவும், காலடியில அடிச்சா கிட்ட விழுந்தாலும் டமேஜ் கிடைக்கும்.