எக்ஸ்பிரஸ்வேயில் சேரும்போது எந்த வேகம், எவ்வளவு இடைவெளி?

புதுஸ்டியரிங் கேட்டது:
நகரச் சாலையில் ஓட்டுவது பழகிவிட்டது. எக்ஸ்பிரஸ்வேயில் ஏறும் இடத்தில்தான் குழப்பம். சேரும் லேன் சுமார் 250 மீட்டர். பிரதான லேனில் எல்லோரும் 100-ல் போகிறார்கள். 60-ல் நிதானமாக நுழைவது பாதுகாப்பா, வேகம் கூட்டித்தான் நுழைய வேண்டுமா? இடம் கிடைக்காவிட்டால் லேன் முடிவில் நிற்கலாமா? கார் மேனுவல் கியர், 1.2 லிட்டர் பெட்ரோல்.

மூன்றாம்கியர்:
60-ல் நுழைவதுதான் ஆபத்து. 100-ல் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் போகிறது, நீங்கள் 17 மீட்டர்தான். அது 55 மீட்டர் பின்னால் இருந்தாலும் ஐந்தே நொடியில் உங்கள் பின் பம்பரைத் தொட்டுவிடும். நீங்களும் 100-ல் இருந்தால் அந்த 55 மீட்டர் குறையவே குறையாது.

50-ல் தொடங்கி சீராக வேகம் கூட்டினால், 250 மீட்டர் முடியும்போது 100 வரும். 12 நொடி ஆகும். அப்போது லேனும் முடிந்துவிடும் என்பதால், ஏறுபாதையின் வளைவு நிமிர்ந்தவுடனேயே மிதிக்கத் தொடங்குங்கள். மூன்றாம் கியரிலேயே இருங்கள். 50-க்குக் கீழே வந்துவிட்டால் இரண்டுக்கு இறக்குங்கள். டர்போ இல்லாத சிறு எஞ்சினுக்கு ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறினால்தான் இழுவை. சத்தம் கேட்டுப் பயந்து நான்குக்கு மாற்றினால் வண்டி திணறும்.

இடைவெளியைச் சேரும் லேனின் கடைசியில் தேடக் கூடாது. ஏறுபாதையிலிருந்து சாலை தெரிந்தவுடன் எந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். இண்டிகேட்டரை அப்போதே போடுங்கள். உள்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பிறகு தோளுக்கு மேல் ஒரு வினாடிப் பார்வை, அதன் பிறகுதான் ஸ்டியரிங். பல கார்களின் பக்கக் கண்ணாடி குவிந்தது, அதில் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் தெரியும். உள்கண்ணாடி தட்டையானது, தூரத்தை அதில் கணியுங்கள். பக்கக் கண்ணாடியில் உங்கள் கார் கொஞ்சமும் தெரியாத அளவுக்கு வெளியே திருப்பி வைத்தால் பிளைண்ட் ஸ்பாட், அதாவது எந்தக் கண்ணாடியிலும் தெரியாத பகுதி, வெகுவாகச் சுருங்கும். ஆனாலும் பைக் மறையும், தோள்பார்வையை விடவே கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: உங்களுக்கு முன்னால் ஏறுகிற கார். நீங்கள் பக்கவாட்டில் இடம் தேடும் அந்த வினாடியில் அவர் தயங்கி பிரேக் போட்டால் நேராக அவர்மேல் போய் மோதுவீர்கள். ஏறுபாதையிலேயே அவருக்கு மூன்று நொடி தூரம் விட்டுவிடுங்கள். அடாப்டிவ் குரூஸ் (முன் வண்டியின் தூரத்தைப் பார்த்து தானே வேகத்தை மாற்றும் வசதி) இருந்தால் சேரும்வரை அணைத்து வையுங்கள். முன்னால் போகிறவருக்காக அது வேகத்தைக் குறைத்துவிடும்.

லேன்காவலன்:
மேலே சொன்னது சரி. முன்னுரிமை பெரும்பாலான நாடுகளில் பிரதான சாலையில் ஏற்கெனவே ஓடுகிறவருக்குத்தான். அவர் வழிவிடுவார் என்று நம்பி நுழையாதீர்கள்.

ஆனால் பிரதான லேனில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சேரும் லேன் பலகையைப் பார்த்தவுடன், பக்கத்து லேன் காலியாக இருந்தால் முன்கூட்டியே மாறுங்கள். முடியாவிட்டால் ஒரே வேகத்தில் போங்கள். ஏறுகிறவர் உங்கள் வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். நீங்கள் ஒரு நொடி கூட்டி, மறு நொடி குறைத்தால் அவர் கணக்கு பாழ். ஹெட்லைட் அடித்து "வா" என்று சொல்லவும் வேண்டாம், அதையே "வராதே" என்று படிப்பவர்கள் உண்டு. முன்னால் இருக்கும் வண்டிக்கு இரண்டு நொடி, மழையில் நான்கு நொடி விட்டுப் போனாலே ஒருவர் நுழைய இடம் தானாக இருக்கும்.

லாரிக்கு முன்னால் தெரியும் பெரிய இடைவெளி அவர் பிரேக் பிடிக்க வைத்திருக்கும் இடம். அதில் நுழையத்தான் வேண்டுமென்றால், அவருடைய இரண்டு ஹெட்லைட்டும் உள்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகு நுழையுங்கள், நுழைந்தபின் வேகத்தைக் குறைக்காதீர்கள். லாரியின் பக்கவாட்டில் ஒட்டியே ஓடுவது அதைவிட மோசம். அவர் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

புதுஸ்டியரிங்:
நன்றி. நிற்பது பற்றி யாரும் சொல்லவில்லையே?

மூன்றாம்கியர்:
நிற்பது கடைசி வழி. நின்ற இடத்திலிருந்து 100-க்கு வர 14 நொடி ஆகுமென்றால் அதற்குள் நீங்கள் கடப்பது சுமார் 195 மீட்டர், பின்னால் வருபவர் சுமார் 390. இரண்டு நொடி பாதுகாப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 250 மீட்டர் வெற்றிடம் தேவை. நெரிசல் நேரத்தில் அது கிடைக்காது. அதனால் இடம் இல்லை என்று தெரிந்தால் முன்பாதியிலேயே காலைத் தளர்த்துங்கள். அப்போதுதான் அடுத்த இடைவெளிக்குள் வேகம் எடுத்து நுழைய மீதி லேன் மிச்சமிருக்கும். கடைசியில் பிரேக் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சங்கிலிமெர்ஜ்:
இதெல்லாம் சாலை ஓடிக்கொண்டிருக்கும்போது. நெரிசலில் எல்லோரும் 20-ல் ஊர்ந்துகொண்டிருந்தால் கதை வேறு. அப்போது லேன் முடியும்வரை போய், அங்கே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜிப் மாதிரி மாறி மாறிச் சேருவதுதான் முறை. பாதியிலேயே நுழையப் பார்ப்பதால் ஒரு லேன் காலியாகக் கிடக்க, மற்றதில் வரிசை இரண்டு மடங்கு நீள்கிறது. கடைசிவரை வருபவரைக் குறுக்கே புகுபவர் என்று எண்ணி வழி மறிக்காதீர்கள். ஒருவரை உள்ளே நுழைய விட்டு, அவரைப் பின்தொடருங்கள்.

திடீர் பிரேக் எவ்வளவு பரவும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சோதனை உண்டு, 2008-ல் வெளியானது. 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். எந்தத் தடையும் இல்லாமலே சிறு வேக மாறுபாடு பெருகி நெரிசல் உருவானது. அந்த நெரிசல் அலை மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. சேரும் இடத்தில் ஒருவர் அழுத்தும் பிரேக்கும் இப்படித்தான் பின்னால் போகும்.

லேன்காவலன்:
சேர்ந்த பிறகு ஒன்று: இண்டிகேட்டரை அணைத்துவிட்டு சிறிது நேரம் ஓர லேனிலேயே ஓடி, முன் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரே வீச்சில் வேக லேனுக்குத் தாவினால், நடு லேனில் வருபவருக்கும் அங்கே வருபவருக்கும் உங்களைப் பார்க்க நேரமே இருக்காது.