பெரியப்பா காய்ச்சலும் ராத்திரி ஊசியும்

பெரியம்மா, 7:42
இவருக்கு நேத்துலருந்து காய்ச்சல். மதியத்துக்கு மேல ரெண்டு தடவை வாந்தி. சாப்பாடே இறங்கல. நேத்து ராத்திரி இன்சுலின் போடல. இன்னைக்கும் வேணாம்ல?

சித்தப்பா, 7:44
சாப்பிடாதப்ப எதுக்கு அண்ணி. சுகர் லோ ஆயிடும்

சின்ன அத்தை, 7:45
நிறுத்தாதீங்க அண்ணி!! இப்ப சுகர் எவ்வளவு?

பெரியம்மா, 7:51
412

அண்ணன், 7:51
அம்மா???

சின்ன அத்தை, 7:52
பெரியண்ணன் கையை சோப்பு போட்டுக் கழுவினாரா?

பெரியம்மா, 7:53
இல்ல, இப்பதான் பழம் உரிச்சார். ஒரு சுளைகூட முழுங்கல

சின்ன அத்தை, 7:53
கழுவி, நல்லா துடைச்சு, வேற விரல்ல எடுங்க. பழச்சாறு விரல்ல இருந்தா அதையும் சேர்த்துக் காட்டும்

பெரியம்மா, 7:59
286

சித்தப்பா, 8:00
பட்டினியா இருக்கிற ஆளுக்கு எப்படி 286?

சின்ன அத்தை, 8:06
காய்ச்சல் வந்தா கார்டிசால், அட்ரினலின் எல்லாம் கூடும் சின்னண்ணா. அதுங்க கல்லீரலைத் தூண்டி சர்க்கரையை ரத்தத்துல இறக்கும், இன்சுலினையும் சரியா வேலை செய்ய விடாது. அதனால வாயில ஒண்ணும் போடலைன்னாலும் ஏறும். ராத்திரி போடுற நீண்ட நேர இன்சுலின் சாப்பாட்டுக்கானது இல்ல, இதைக் கட்டுப்படுத்தத்தான். அதையும் விட்டா உடம்பு கொழுப்பைக் கரைக்கும், கீட்டோன்ங்கிற அமிலம் சேரும், ரத்தம் அமிலமாகும். அதுவே வாந்தியைக் கூட்டும், வாந்தியில தண்ணி வத்தும், சுகர் இன்னும் ஏறும். சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற ஊசி வேற கணக்கு, அது சாப்பிடுற அளவைப் பொறுத்தது. பெரியண்ணனுக்கு அது கிடையாது.

அண்ணன், 8:07
மாத்திரை?

சின்ன அத்தை, 8:07
அட்டையோட பின்பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்க அண்ணி. கம்பெனிப் பேர் வேணாம், அடியில சின்ன எழுத்து

சித்தப்பா, 8:09
அப்படியே ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை பேர்னு யாராவது சொல்லுங்க, வண்டிக்காரர் கேக்கிறார்

அண்ணன், 8:09
சித்தப்பா ப்ளீஸ்

மாமா, 8:13
பார்த்தேன். ஒரே மாத்திரையில ரெண்டு மருந்து: டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின். வாந்தி இருக்கிறப்ப ரெண்டுமே வேணாம். உடம்புல தண்ணி வத்தி சிறுநீரகம் தளர்ந்தா மெட்ஃபார்மின் வெளியேறாம தங்கும், லாக்டிக் அமிலம் ஏறலாம். டாபா இன்னும் மோசம். சர்க்கரையைச் சிறுநீர்ல தள்ளிடறதால மீட்டர் 200-க்குக் கீழ காட்டிக்கிட்டே கீட்டோன் ஏறலாம். சுகர் நல்லாத்தானே இருக்குன்னு ஏமாந்துடுவோம். கீட்டோன் பார்த்தே ஆகணும்

பெரியம்மா, 8:14
கீட்டோன் மீட்டர் இங்க இல்ல தம்பி

அண்ணன், 8:15
சித்தப்பா வீட்டுல இருக்கு. போன வருஷம் வாங்கிட்டுப் போனது

சித்தப்பா, 8:16
கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே

பெரியம்மா, 8:16
மூணு தடவை கேட்டேன்

சித்தப்பா, 8:17
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சித்தப்பா, 8:18
கொண்டு வர்றேன் அண்ணி

மாமா, 8:18
மீட்டர் ஸ்ட்ரிப்ல தேதி பாருங்க. முடிஞ்சிருந்தா போற வழியில என்கிட்ட வாங்கிக்கோங்க

அண்ணன், 8:20
உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் இருக்கு, குடுக்கலாமா?

மாமா, 8:20
வேணவே வேணாம், சிறுநீரகம். பாராசிட்டமால் 500 போதும். டாக்டர்கிட்ட பேசுறப்ப பிபி மாத்திரையைப் பத்தியும் கேளுங்க அக்கா. தண்ணி வத்துன உடம்புல சில பிபி மாத்திரையும் நிறுத்தி வைக்கணும், அவர்தான் சொல்லணும்

சின்ன அத்தை, 8:27
தண்ணி அண்ணி. ஒரு டம்ளரை ஒரேயடியா குடுத்தா திரும்ப வரும். வாந்தி எடுத்தா கால் மணி நேரம் விட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஒண்ணு ரெண்டு ஸ்பூன். நின்னதும் மணிக்கு 100 மில்லியாவது உள்ள போகணும். பெரியண்ணனுக்கு இதயத்துலயும் சிறுநீரகத்துலயும் கோளாறு இல்ல, அதனால குடுக்கலாம். இப்ப வெறும் தண்ணி. சுகர் இறங்கி வந்தும் சாப்பாடு பிடிக்கலைன்னா சர்க்கரை கலந்த பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, மூணு நாலு மணி நேரத்துல 45–50 கிராம் மாவுச்சத்து சேருற மாதிரி. 70-க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷத்துல திரும்ப டெஸ்ட்.

சித்தப்பா, 9:02
வந்துட்டேன். ஸ்ட்ரிப் புதுசு. கீட்டோன் 0.9

அண்ணன், 9:02
அது அதிகமா?

சின்ன அத்தை, 9:05
0.6-க்குக் கீழ இருக்கணும். 1.5 தாண்டினா ஆபத்து, 3-னா உடனே அவசர சிகிச்சைதான். டாபா உள்ள இருக்கிறதால 0.9-யும் விடக் கூடாது. டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க. காலையிலன்னு தள்ளாதீங்க

பெரியம்மா, 9:21
பேசிட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார், பிபி மாத்திரையையும். இன்சுலின் வழக்கமான யூனிட்டே. போட்டாச்சு. ரெண்டு மணி நேரத்துல ரெண்டும் பார்க்கச் சொன்னார்

சின்ன அத்தை, 9:24
அதுக்குள்ள மூச்சு வேகமா ஆழமா வாங்கினாலோ, வயிறு வலிச்சாலோ, பேச்சு குழறினாலோ, குடிச்ச தண்ணி தங்காம வந்துக்கிட்டே இருந்தாலோ நம்பரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா கிளம்புங்க. மாத்திரையைத் திரும்ப எப்ப? நல்லா சாப்பிட்டு, குடிச்சு 24–48 மணி நேரம் ஆனப்புறம், டாக்டரைக் கேட்டு.

அண்ணன், 9:26
ராத்திரி அம்மாகூட யார் இருக்கீங்க?

சித்தப்பா, 9:31
நான் இருக்கேன்

பெரியம்மா, 9:32
வேணாம், நான் பார்த்துக்கிறேன்

சின்ன அத்தை, 9:32
இருக்கட்டும் அண்ணி. ராத்திரி முழுக்க ஒரு ஆளால முழிக்க முடியாது

சித்தப்பா, 11:18
238. கீட்டோன் 0.6. வாந்தி இல்ல. தூங்குறார்

சின்ன அத்தை, 11:19
எழுப்பிப் பேசிப் பாருங்க. தெளிவா பதில் சொல்றாரா?

சித்தப்பா, 11:22
லைட்டை அணைக்கச் சொல்லித் திட்டுறார். ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை பேர்னும் கேக்கிறார்

சின்ன அத்தை, 11:22
நல்லது. அடுத்தது 1:15-க்கு, அலாரம் வச்சுக்கோங்க

அண்ணன், 11:24
ஞாயித்துக்கிழமையை நாளைக்குப் பார்க்கலாம்