செப்டம்பர் 5: மேடையில் என்ன சொன்னார்கள், கையில் என்ன கொடுத்தார்கள்?

சாக்பீஸ் தூள்

எங்க ஸ்கூல்ல மட்டும்தான் இப்படியா, எல்லா இடத்துலயும் இப்படித்தானான்னு தெரிஞ்சுக்கணும். அதுக்காகத்தான் இந்த இழை.

ஆசிரியர் தினம். ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை, ஆளுக்கொரு ரோஜா, ஆளுக்கொரு பேனா. பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் வாழ்த்துரை. ஏணி வந்துச்சு, மெழுகுவர்த்தி வந்துச்சு, எழுத்தறிவித்தவன் இறைவனும் வந்துட்டார். அப்புறம் சத்தமா, ஏற்ற இறக்கத்தோட, எங்க பக்கம் கையை நீட்டி, "எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய ஆசிரியர் பெயர் அவர்களே!"ன்னான்.

கைபேசியில இருந்து பார்த்து எழுதின உரை. பேர் போட வேண்டிய இடத்துல "ஆசிரியர் பெயர்"னு இருந்திருக்கு, அப்படியே வாசிச்சுட்டான். பயங்கரக் கைதட்டல். ஒருத்தருக்கும் உறுத்தல. பக்கத்துல இருந்த தமிழம்மாவும் தட்டுனாங்க.

அவன்மேல கோபம் இல்ல. அவனுக்கு ஒளிவிலகல் மண்டையில ஏறவே ஏறாம இருந்துச்சு. விழாவுக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் உட்கார வச்சு, டம்ளர் தண்ணியில பென்சிலைப் போட்டு, இந்தப் பக்கம் நின்னு பாரு, அந்தப் பக்கம் நின்னு பாருன்னு காட்டி, அவன் கையாலயே கதிர்ப்படம் வரைய வச்சேன். "பென்சில் ஏன் வளைஞ்சு தெரியுதுன்னு புரிஞ்சிடுச்சு மிஸ்"னு அவன் மேடையில சொல்லியிருந்தா எனக்கு அந்த வருஷம் முழுக்கப் போதும். அதை அவன் சொல்லலாம்னு அவனுக்கே தெரியாது பாருங்க, அதுதான் என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.

மே மாசம்

உங்களுக்கு "ஆசிரியர் பெயர்". எங்களுக்கு "தூண்கள்".

தனியார் மெட்ரிக். கேக் வெட்டி, தாளாளர் பேசினார். "நீங்கதான் இந்தப் பள்ளியின் தூண்கள்." மேடையில வரிசையா கூப்பிட்டு ஒவ்வொரு மேடத்துக்கும் கவர் போட்ட புடவை. போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டாங்க. அடுத்த மாசம் சம்பளச் சீட்டுல "இதர பிடித்தம்"னு இருந்துச்சு. அக்கவுண்டன்ட்கிட்ட கேட்டா, தலையைத் தூக்காமலே, "யூனிஃபார்ம் புடவை மேடம், தெரியாதா?"ன்னார். மேடையில பரிசு, அவர் மேசையில யூனிஃபார்ம். தூணுக்கு மே மாசம் சம்பளம் கிடையாதுங்கிறது தனிக் கதை, என் பேரைப் பார்த்தாலே தெரியும்.

பிள்ளைங்க கொடுக்கிறதுல இந்த வலி இல்ல. ஆனா பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல போட்டி ஆரம்பிச்சிட்டா போச்சு. போன வருஷம் ஒரு அம்மா சுவர்க்கடிகாரம் கொடுத்தாங்க. அடுத்த பெற்றோர் கூட்டத்துல, "மிஸ், கடிகாரம் வீட்டுல எங்க மாட்டியிருக்கீங்க?" மூச்சு விடாம அதே தொடர்ச்சியில, "பையனைக் கொஞ்சம் முன்னாடி பெஞ்சுக்கு மாத்துங்களேன்." வீட்ல ஏற்கனவே அஞ்சு கடிகாரம் அட்டைப்பெட்டியோட கிடக்கு. எல்லாம் ஒரே நேரத்தைக்கூடக் காட்டாது.

ஓய்வு பெற்ற த.ஆ.

அன்புடையீர், வணக்கம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன் நான்; என் அனுபவம் சிறியது. கிராமத்துப் பள்ளியில் ஒரு மாணவன் வீட்டிலிருந்து முருங்கைக்காய்க் கட்டு வந்தது. திருப்பி அனுப்பினேன். மறுநாள் அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான்.

இனி, இங்கு எழுதும் இளைய ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவதாக, இந்த நாளே பரிசுக்காக ஏற்பட்டதன்று. 1888இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானபோது, பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களிடம் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடச் சொன்னார். 1962 முதல் கொண்டாடுகிறோம். தனக்கு வரவேண்டிய வாழ்த்தைப் பிறருக்குத் திருப்பிவிட்ட மனிதரின் நாளில் கடிகாரக் கணக்குப் பார்ப்பது அழகா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவதாக, அரசுப் பள்ளியில் இருப்போர் 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒருமுறையாவது படிக்க வேண்டும். அன்பளிப்பு பெறுவது குறித்து அதில் விதியே உண்டு. நகல் ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, ஆகஸ்ட் கடைசி வாரமே வகுப்பில் "யாரும் எதுவும் வாங்கி வரக்கூடாது" என்று அறிவித்து, அதை மாணவர் நாட்குறிப்பில் எழுதச் செய்து, பெற்றோர் கையொப்பம் பெற்று வரச் சொல்லுங்கள். நான்காவதாக, வாழ்த்துரையை முன்கூட்டியே வாங்கித் திருத்துவது பொறுப்பாசிரியர் கடமை. சாக்பீஸ் அம்மையார் அதைச் செய்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிராது.

மே மாசம்

ஐயா, மன்னிக்கணும். நான் கடிகாரக் கணக்குப் பார்க்கல, என் சம்பளத்துல பிடிச்ச கணக்கைத்தான் சொன்னேன். 1973 விதி அரசு ஊழியருக்கு. எங்க அக்கவுண்டன்ட்டுக்கு எந்த வருஷத்து விதின்னு சொன்னீங்கன்னா அதையும் இழுப்பறையில வச்சுக்கறேன்.

அப்புறம், முருங்கைக்காயை ஏன் ஐயா திருப்பி அனுப்புனீங்க? அந்தப் பையன் முகத்தைப் பார்க்காம உட்கார்ந்திருந்தான்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க.

ஒன்றியம் தொடக்கப்பள்ளி

முருங்கைக்காய்னதும் எழுதத் தோணுச்சு. பரிசுன்னு சொல்ல முடியுமான்னு தெரியல.

எங்க ஸ்கூல்ல மூணாம் வகுப்புல ஒரு பொண்ணு. எழுத்துக் கூட்டவே ரொம்ப நாள் ஆச்சு. "எண்ணும் எழுத்தும்" திட்டத்து வாசிப்பு அட்டையெல்லாம் முடிஞ்சு, கடைசியில போற வழியில இருக்கிற போர்டு, பஸ்ல எழுதியிருக்கிறது, மஞ்சப்பையில அச்சடிச்ச துணிக்கடைப் பேருன்னு கண்ணுல பட்டதையெல்லாம் படிக்க விட்டேன். அப்பத்தான் பிடிச்சுக்கிச்சு.

ஒரு நாள் அவங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போற வழியில கேட்டுக்கிட்ட வந்து நிக்கிறாங்க. முகம் கோபமாத்தான் இருந்துச்சு. ஏதோ சண்டைக்கு வந்திருக்காங்கன்னு நினைச்சேன். "உங்ககிட்ட படிக்கிறது என்ன பண்ணுச்சு தெரியுமா டீச்சர்? ரேஷன் கடையில பருப்பு தீந்து போச்சுன்னாரு. நான் பையை மடிச்சுட்டேன். இது போர்டைப் பார்த்து, அம்மா து-வ-ரம் ப-ருப்-பு இ-ருப்-புன்னு கத்துது. லைன்ல நின்ன எல்லாரும் திரும்பிட்டாங்க. எனக்கு மானமே போச்சு."

பருப்பு குடுத்தாங்களான்னு கேட்டேன்.

"குடுக்காம? எங்களுக்குப் பின்னாடி நின்னவங்களுக்கும் குடுத்தாரு."

அவ்வளவுதான், வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை இல்ல. இன்னும் அந்த "மானமே போச்சு"வை நான் யார்கிட்டயாவது சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். வீட்டுக்காரர் போதும்னுட்டார்.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா

நான் டீச்சர் இல்ல, படிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க பக்கமும் கேளுங்க. குழுவுல ஒருத்தங்க 200 ரூபாய்னு ஆரம்பிச்சா நாங்க எப்படி மாட்டேன்னு சொல்றது? எங்க பிள்ளை மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?

இந்த வருஷம் காசு வேண்டாம், டீச்சர் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு நீயே எழுதுன்னு பெரியவன்கிட்ட சொன்னேன். நோட்டை எடுத்து வச்சுட்டு, "எத்தனை மார்க் கேள்விம்மா, அஞ்சா பத்தா?"ங்கிறான். அஞ்சு மார்க்னா முன்னுரை வேண்டாமாம். சாக்பீஸ் டீச்சர், உங்க பையன் மேடையில அப்படி வாசிச்சதுக்கு யாரைச் சொல்றது? மழை, மரம், நூலகம், எதுக்குமே சொந்தமா எழுதவிடாம மனப்பாடம் பண்ணித்தானே வளர்த்தோம், நீங்களும் நாங்களும்.

சாக்பீஸ் தூள்

அது நியாயம். ஆனா அம்மா, உங்க பையன் கடைசியில என்னதான் எழுதினான்?

ரெண்டு பிள்ளைக்கு அம்மா

"எங்கள் ஆசிரியை மிகவும் நல்லவர். அவர் பச்சை நிற ஸ்கூட்டியில் வருவார்."

சாக்பீஸ் தூள்

ஏணியைவிட ஸ்கூட்டி எவ்வளவோ தேவலை. அந்தத் தாளை அப்படியே கொடுத்துடுங்க.

வடலி

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்களுக்கு ஒக்டோபர் 6. பிள்ளையள் மாலை போட்டு, பாண்ட் வாசிச்சு மேடைக்குக் கூட்டிக்கொண்டு போவினம். அது சந்தோசம்தான். எனக்கு நெஞ்சுக்குள்ள கிடக்கிறது வேற.

அஞ்சாம் தரத்துப் புலமைப்பரிசில் சோதினை முடிவு வந்த உடன கௌரவிப்பு வைக்கிறது இஞ்ச வழமை. வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்த பிள்ளையளின்ர தாய் தகப்பன்மார் காசு சேர்த்து, அஞ்சாம் வகுப்பு ரீச்சருக்குப் பொன்னாடை, நினைவுச்சின்னம். அந்த வருசம் நான்தான் அந்த ரீச்சர். "அனைத்துச் செல்வங்களினதும் வெற்றிக்கு வித்திட்ட" எண்டு அறிவிப்பாளர் வாசிக்கிறார். கீழ கடைசி வாங்கில ஒரு பெட்டைப் பிள்ளை. வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து தவறவிட்டது. தாய் வரேல்லை, பிள்ளை தனிய வந்திருக்கு. எல்லாரையும் விடப் பெலமாக் கை தட்டினது அதுதான். அதின்ர கொப்பியைத்தான் நான் அந்த வருசம் கூடத் திருத்தினது.

இன்னொண்டு. அந்தப் பிள்ளையள் எல்லாருக்கும் முதலாந் தரத்தில கை பிடிச்சு "ஆனா, ஆவன்னா" எழுதப் பழக்கின ரீச்சர் அண்டைக்கு மண்டபத்துக்குப் பின்னால தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டவ. மேடையில இருந்து பார்த்தா தெரியும். நான் இறங்கி வந்து பொன்னாடையை அவவின்ர தோளில போட்டன். "சும்மா இரும் பிள்ளை, தேத்தண்ணி ஆறுது" எண்டு எடுத்து மடிச்சு என்ர கையிலயே தந்திட்டா.

ஓய்வு பெற்ற த.ஆ.

வடலி அம்மையாரின் பதிவு உள்ளத்தைத் தொட்டது. ஒன்றியம் ஆசிரியைக்கு மட்டும் ஒரு சொல்: ரேஷன் கடை விவகாரங்களில் ஆசிரியர் பெயர் அடிபடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றியம் தொடக்கப்பள்ளி

படிக்கச் சொல்லிக் கொடுத்தா போர்டையும்தான் ஐயா படிப்பாங்க.

விசில்

பி.இ.டி. மாஸ்டர் யாரும் எழுதலையா? நான் எழுதுறேன்.

ஆசிரியர் தினத்துல என் வேலை சேர், மைக், பசங்களை வரிசையில நிறுத்துறது. முடிஞ்சதும் சேரைத் திருப்பி அடுக்குறது. ரெண்டு வருஷம் முன்னாடி எல்லாருக்கும் பொன்னாடைன்னாங்க. என் பேரைக் கூப்பிட்டப்ப நான் ஆம்ப்ளிஃபயர் பின்னாடி ஒரு ஒயரை விரலால அழுத்திப் பிடிச்சுட்டு நின்னேன். விட்டா கர்ர்ருனு இரையும், தலைமையாசிரியர் பேச்சே கேக்காது. அங்கிருந்தே கையைக் காட்டினேன். "சார் சார்பா"ன்னு கணக்கு சார் போய் வாங்கிக்கிட்டார். அவர்தான் என் பீரியடையும் வாங்கிக்குவார். ரெண்டுமே இன்னும் திரும்பி வரல.

"விளையாட்டுத் துறையில் மாணவர்களை வழிநடத்தும்"னு எனக்கும் வாசிச்சாங்க. எங்க கிரவுண்டுல பாதி இப்ப சைக்கிள் ஸ்டாண்டு. மண்டல அளவுல ஓடி ரெண்டாவது வந்த பையன் வெறுங்கால்ல ஓடினான், அவன் கால்ல நான் சுத்தின பிளாஸ்திரி பத்தி ஒரு வார்த்தை வாசிச்சிருக்கலாம். அது வாழ்த்து மடல்ல அச்சாகி வராது போல.

ஓய்வு பெற்ற த.ஆ.

விசில் தம்பி, வருந்த வேண்டாம். உங்களைப் போன்றோர் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாநில நல்லாசிரியர் விருது என்றால் 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். தேசிய விருதுக்கு 50,000 ரூபாய். 2018 முதல் அதற்கு ஆசிரியரே இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தாமே தம்மைப் பற்றி எழுதுவதா என்று கூச்சப்படாதீர்கள், பிறர் எழுதமாட்டார்கள். இன்றே ஒரு கோப்பைத் தொடங்குங்கள். பரிசு பெற்ற மாணவர் பட்டியல், செய்தித்தாள் நறுக்குகள், பெற்றோர் கடிதங்கள், தேதியுடன் கூடிய புகைப்படங்கள், எல்லாவற்றுக்கும் நகல் இரண்டு. முக்கியமாகப் புகைப்படங்கள். ஒவ்வொரு விழாவிலும் நீங்கள் பணியாற்றுவது தெளிவாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

விசில்

சரிங்க ஐயா. அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாத்துலயும் தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணுல மட்டும் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னாடி என் முழங்கை தெரியுது. அதுக்கும் ரெண்டு நகல் எடுக்கணுமா?